யார் மேல் இருட்டு? அரியரைக் கரையேற்றிய ஒரே கேள்வி

நேற்று மதியம் ரிசல்ட் வந்தது. தரிசன இலக்கியப் பேப்பரில் (பைபிளின் கடைசிக்காலத் தரிசனங்களைப் படிக்கும் பாடம்) 61. போன வருடம் இதே பேப்பரில் 36 வாங்கி அரியர் வைத்தவன் நான். நம்பரைப் பார்த்ததும் விடுதி மாடிப்படியிலேயே உட்கார்ந்து ஜெபித்தேன். அடுத்து எழுதப் போகிறவர்களுக்காகச் சூட்டோடு சூடாக இதை எழுதுகிறேன்.

போன முறை சறுக்கியது ஒரே கேள்வியில்தான்: கடைசிக்காலத் தீர்க்கதரிசனங்களில் ஒளியும் இருளும். ஒளி தேவன், இருள் சாத்தான் என்று ஆரம்பித்து நாலு பக்கம் எழுதினேன். ஞாயிறு பள்ளியில் கேட்டது அப்படியே கையில் வந்தது. விடைத்தாளை வாங்கிப் பார்த்தபோது ஓரத்தில் சிவப்பு மையில் ‘ஆமோஸ் 5?’ என்று மட்டும் இருந்தது.

ஆமோஸ் பழைய ஏற்பாட்டுத் தீர்க்கதரிசி, தெக்கோவா ஊர் மேய்ப்பர். கி.மு. 8-ஆம் நூற்றாண்டு, இரண்டாம் யெரொபெயாம் ராஜா காலம். இஸ்ரவேலின் வட ராஜ்யத்தில் பணம் புழங்கியது. கர்த்தருடைய நாள், அதாவது அவர் நியாயந்தீர்க்கும் நாள், வந்தால் எதிரிக்கு அடி, நமக்கு விடியல் என்று ஜனங்கள் காத்திருந்தார்கள். அவர்களிடம் போய், “கர்த்தருடைய நாள் வெளிச்சமாயிராமல் அந்தகாரமாயிருக்கும்” என்கிறார். இருட்டை வரப்பண்ணுகிறவரே கர்த்தர்! என் நாலு பக்கமும் இந்த ஒரு வசனத்துக்கு முன் நிற்கவில்லை.

அப்புறம் ஒவ்வொரு வசனத்தின் பக்கத்திலும் பென்சிலால் ஒரே கேள்வியை எழுதினேன்: யார் மேல் இருட்டு?

- யாத்திராகமம் 10: எகிப்தின் மேல், மூன்று நாள். இஸ்ரவேலர் வீடுகளில் வெளிச்சம். வெளிப்படுத்தல் (வெளி.) 16:10-இல் மிருகத்தின் ராஜ்யத்தின் மேல் விழும் இருளுக்கு வேர் இதுதான்.
- ஏசாயா (ஏசா.) 13:10: பாபிலோன்.
- எசேக்கியேல் 32:7: பார்வோன்.
- ஆமோஸ் 5, 8:9: சொந்த ஜனம்.
- யோவேல் 2:31: சூரியன் இருளாக மாறும் என்ற வசனம். பரிசுத்த ஆவி இறங்கிய பெந்தெகொஸ்தே நாளில் பேதுரு எடுத்துப் பேசியது. விட்டுவிடாதீர்கள்.

இப்படி அடுக்கினால், சூரியன் இருண்டுபோகும் என்று இயேசு சொல்லும் மத்தேயு 24:29 தானாகப் பிடிபடும். ராஜ்யங்கள் சாயும்போது தீர்க்கதரிசிகள் பேசிய பாஷை அது. எழுத்தின்படி நடக்குமா என்ற விவாதத்தில் இறங்காதீர்கள், நேரம் போய்விடும். வியாக்கியான வரலாறு கேட்டால், 1780 மே 19 அன்று நியூ இங்கிலாந்தில் நண்பகலில் இருண்டதும், நியாயத்தீர்ப்பு நாள் என்று பலர் நடுங்கியதும், அது காட்டுத் தீயின் புகை என்று பின்னாளில் விளங்கியதும் இரண்டு வரியில் போதும்.

கும்ரான் சுருள் (சாக்கடல் அருகே குகையில் கிடைத்த பழைய யூத எழுத்து): ஒளியின் மக்களுக்கும் இருளின் மக்களுக்கும் யுத்தம். 1 தெசலோனிக்கேயர் 5-இல் பவுலும் வெளிச்சத்தின் பிள்ளைகள் என்கிறார், ஆனால் கேட்பது யுத்தத்தை அல்ல, விழித்துத் தெளிந்திருப்பதை. ஒப்பிட்டு எழுதினால் மார்க் உண்டு.

இந்த முறை நான் நிதானமாக நின்று எழுதியது ஆதியாகமம் 1-ஐயும் வெளிப்படுத்தல் 21-ஐயும் சேர்த்து. வெளிச்சம் முதல் நாளில் வருகிறது, சுடர்கள் நாலாம் நாளில்தான். சூரியன் இல்லாமலே வெளிச்சம் இருந்தது. கடைசியில் வரும் நகரத்துக்கும் சூரியனும் சந்திரனும் வேண்டியதில்லை, “ஆட்டுக்குட்டியானவரே அதற்கு விளக்கு.” 25-ஆம் வசனத்தையும் பாருங்கள். அந்தக் காலத்தில் இருட்டினால் நகர வாசலை அடைப்பார்கள். இங்கே இராக்காலம் இல்லை, அதனால் வாசல் அடைக்கப்படுவதே இல்லை. இரவில் கதவைத் தாழ்போட்டுப் படுத்த ஜனங்களுக்கு இது எப்படிக் கேட்டிருக்கும்! அங்கே என் பேனா கொஞ்ச நேரம் நின்றுவிட்டது.

கடைசியாகச் சில:

- கட்டுரைக் கேள்வியை முதலில் எழுதுங்கள். நான் மெதுவாக எழுதுகிறவன், எனக்கு அதுதான் கைகொடுத்தது.
- விடிவெள்ளியைக் குழப்பாதீர்கள். ஏசா. 14:12-இல் பாபிலோன் ராஜா, வெளி. 22:16-இல் இயேசு.
- சகரியா 14:7 முழுசாக மனப்பாடமாக இருக்கட்டும்: “சாயங்காலத்திலே வெளிச்சமுண்டாகும்.” நான் எழுதிய இரண்டு முறையும் கேட்டார்கள். சிறுகுறிப்பு, 5 மார்க்.