உரிய நாளில் எழுதப்படாத கடிதம்

இலங்கையின் ஹட்டன் பகுதித் தேயிலைத் தோட்டமொன்றில் பெரிய கிளாக்கராக இருந்த காலத்தில், தொழில் நியாயசபைக்குப் போகும் வழக்குகளின் கோப்புகளைத் தயார்படுத்துவது என் பொறுப்பாக இருந்தது. தொழிலாளியின் பிழை எவ்வளவு பெரியதாக இருந்தாலும், உரிய நாளில் எழுத வேண்டியதை எழுதாததனாலேயே நிர்வாகம் பெரும்பாலும் தோற்கிறது என்பதை அந்தக் கோப்புகளில் கண்டேன்.

கொழுந்து நிறுக்கும் இடத்தில் கணக்கப்பிள்ளையுடன் வாக்குவாதப்பட்ட ஒரு பெண்ணிடம், மறுநாள் காலை வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டில் எல்லோர் முன்னிலையிலும், "இனி உனக்கு இங்கே வேலை இல்லை" என்று சின்னத்துரை, அதாவது உதவித் தோட்ட அதிகாரி, சொல்லிவிட்டார். விசாரணையும் இல்லை, கடிதமும் இல்லை. வரவுப் பதிவேடான செக்ரோலில் மட்டும் அந்தப் பெண் வரவில்லை என்று நாள்தோறும் பதிவாகிக்கொண்டிருந்தது. தொழிற்சங்கம் அவர் சார்பில் விண்ணப்பித்தபோது, அவர் தாமாகவே வேலையை விட்டுப் போனதாக நிர்வாகம் வாதாடியது. அப்படியானால், அலுவலகத்திலிருந்து கூப்பிடு தூரத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், குடியிருந்தவருக்கு, வேலைக்குத் திரும்புமாறு ஒரு கடிதமாவது ஏன் அனுப்பவில்லை? அந்தக் கேள்விக்குக் கோப்பில் பதில் இருக்கவில்லை. அவரை மீண்டும் வேலைக்குச் சேர்க்குமாறு உத்தரவு வந்தது. அது நியாயமான உத்தரவு என்றே இன்றும் நினைக்கிறேன்.

வேலை நீக்கம் பற்றிய 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டத்தின்படி, ஒழுக்காற்று நடவடிக்கையாக ஒருவரை வேலையிலிருந்து நீக்கினால், அதன் பின்வரும் இரண்டாவது வேலைநாள் முடிவதற்குள் காரணத்தை எழுத்தில் அறிவிக்க வேண்டும். ஆட்குறைப்புப் போன்ற காரணமென்றால், தொழிலாளியின் எழுத்துமூலச் சம்மதமோ தொழில் ஆணையாளரின் முன் அனுமதியோ தேவை. இவற்றுக்கு முன்பே, சம்பவம் நடந்த அன்றே சாட்சிகளின் வாக்குமூலத்தைப் பதிந்துகொள்ள வேண்டும். முறைப்பாட்டாளரே விசாரணை நடத்த உட்காரக் கூடாது. குற்றப்பத்திரிகையைத் தமிழில் கொடுக்க வேண்டும் என்பதில் நான் எப்போதும் பிடிவாதமாக இருந்தேன். வாசிக்கத் தெரியாத ஆங்கிலக் கடிதத்தில் கைநாட்டை வாங்கிவிட்டு விளக்கம் கேட்டதாகச் சொல்வது, அந்த மனிதரை அவமதிப்பதாகும்.

ஓய்வுபெறுவோர் விடயத்திலும் இதே கவனம் வேண்டும். ஐந்து ஆண்டுகள் பூர்த்தியான நாட்சம்பளக்காரருக்கு, ஆண்டொன்றுக்கு 14 நாள் சம்பளம் என்ற கணக்கில் பணிக்கொடையை 30 நாட்களுக்குள் கொடுக்க வேண்டும். பிந்தினால் மேலதிகத் தொகையும் சேரும். செக்ரோலில் ஒரு பெயரும் அடையாள அட்டையில் வேறு பெயருமாக இருந்ததால் ஈ.பி.எப். என்னும் ஊழியர் சேமலாப நிதிப் பணம் கிடைக்காமல் முதியவர்கள் அலைந்ததைக் கண்டிருக்கிறேன். வேலைக்குப் பதியும் அன்றே இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்க, கிளாக்கர் ஒருவருக்குச் சில நிமிடங்களே தேவைப்படும்.