சுருக்குப்பை

ஜூன் 3, செவ்வாய்

நைட் டூட்டி. கொடுமுடிப் பக்கமிருந்து ஒரு ஆத்தா வந்தார். இதயத்தில் மைட்ரல் வால்வு மாற்றி ஆறு வருசம், ரத்தம் உறையாமலிருக்கத் தினமும் வார்ஃபரின் மாத்திரை. நேற்றிலிருந்து ஈறில் ரத்தம் கசிகிறது. ஐ.என்.ஆர் (ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்ற அளவு) 2.5-லிருந்து 3.5-க்குள் இருக்க வேண்டியவருக்கு 7.2.

லேப் தம்பிக்குத் தன் மேலேயே சந்தேகம். ரத்தம் புதிதாக எடுத்து இன்னொரு முறை ஓட்டினார். அதே எண். டூட்டி டாக்டர் பழைய டிஸ்சார்ஜ் சம்மரியைப் புரட்டினார். மஞ்சக்காட்டு ஆத்தா என்று தெரிந்ததும் மஞ்சள் மேலேயே பழியைப் போட்டார். நான் மாத்திரை டப்பாவைக் கவிழ்த்து எண்ணினேன், கணக்கு சரிதான். ஃபார்மசிஸ்ட் அக்கா எங்கள் பில்களைப் பார்த்தார். வேறு மருந்து எதுவும் வாங்கவில்லை. நாலு பேர் நாலு இடத்தில் தேடியிருக்கிறோம், அடுத்தவர் என்ன பார்த்தார் என்றே கேட்கவில்லை. "வேற ஏதாச்சும் மாத்திரை போட்டீங்களா?" என்று மட்டும் மூன்று பேர் தனித்தனியே போய்க் கேட்டோம். மூன்று முறையும் "இல்லீங் சாமி."

வார்ஃபரினை நிறுத்தியாச்சு. ரத்தத்தை உறையவைக்கும் வைட்டமின் கே கொஞ்சமாகத்தான். அள்ளிக் கொடுத்தால் வால்வில் ரத்தம் உறைந்துவிடும்.

ஜூன் 4, புதன்

ரவுண்ட்ஸில் பெரிய டாக்டர் எல்லோரையும் கட்டிலருகே நிறுத்தினார். டயட்டீசியன் மாத்திரைப் பேச்சையே எடுக்கவில்லை.

"ஒரு வாரமா என்ன சாப்பிட்டீங்க ஆத்தா?"

"எங்கீங் கண்ணு, வவுத்தால போயி அஞ்சு நாளா கஞ்சித்தண்ணிதான்."

ஃபார்மசிஸ்ட் அக்கா பிடித்துக்கொண்டார். "அதுக்கு என்ன போட்டீங்க?"

ஆத்தா சுருக்குப்பையை அவிழ்த்தார். வெற்றிலை, பாக்கு, நடுவே பாதி தீர்ந்த மெட்ரோனிடசோல் அட்டை. ஊர் மெடிக்கலில் வாங்கியதாம்.

"இது பேதிக்குங்க. நீங்க கேட்டது வியாதி மாத்தரையைத்தானுங்களே?"

வார்ஃபரினைக் கல்லீரல் சிதைப்பதை அந்த மருந்து மட்டுப்படுத்தும். போதாததற்குக் கீரை, காய் எதுவும் இல்லாமல் வைட்டமின் கே வரத்தும் குறைந்திருக்கிறது. டூட்டி டாக்டர் மஞ்சளைப் பற்றி அப்புறம் வாயே திறக்கவில்லை.

ஜூன் 7, சனி

ஐ.என்.ஆர் 3.1. ஆத்தா வீட்டுக்குக் கிளம்பினார்.

அட்மிஷன் தாளில் "வேறு மருந்து உண்டா?" என்ற வரியை அடித்துவிட்டு, "வயிறு, காய்ச்சல், பல்வலி என்று கடையில் என்ன வாங்கினீர்கள்?" என்று எழுதி வைத்தேன். மத்தியானம் பார்த்தால், அதன் கீழே அக்காவின் கையெழுத்து: "சுருக்குப்பையையும் பார்க்கவும்."