கொல்லிமலையில் தொலைந்த வளைவுகள்

காரவள்ளி அடிவாரத்தில் கைப்பேசிச் செயலியில் சைக்கிள் பயணப் பதிவைத் தொடங்கிவிட்டு, 70 கொண்டை ஊசி வளைவுகளையும் மிதித்து ஏறி, மேலே தேநீர்க் கடை வாசலில் இறங்கிப் பார்த்தபோது, வரைபடத்தில் பாதி மலைக்கு ஒரே நேர்கோடு கிடந்தது. பேட்டரியை மிச்சப்படுத்துவதற்காகக் கைப்பேசி அந்தச் செயலியை வழியிலேயே நிறுத்தியிருந்தது. வளைவுகள் போனதோடு தூரமும் குறைந்துவிட்டது. ஏறிய களைப்பைவிட அந்தக் கோடு என்னை அதிகம் வருத்தியது. சைக்கிளுக்கென்று தனிக் கருவி வாங்குவது என்று அன்றே தீர்மானித்தேன்.

கருவிகளை ஒப்பிடத் தொடங்கியதும் நான் முதலில் பார்த்தது திரையைத்தான். கைப்பேசித் திரை தன் வெளிச்சத்தால் சூரியனோடு போட்டியிட வேண்டியிருப்பதால் பேட்டரி கரைகிறது, கருவியும் சூடாகிறது. நல்ல சைக்கிள் கணினிகளின் திரையோ தன்மேல் விழும் வெயிலையே திருப்பி அனுப்பி எழுத்தைக் காட்டுவதால், உச்சிவெயிலில்தான் மிகத் தெளிவாக இருக்கும். அடுத்தது பொத்தான்கள். வியர்வை சொட்டும் விரலையும் மழைத்துளியையும் தொடுதிரை குழப்பிக்கொள்ளும். 2023இல் வெளிவந்த கார்மின் எட்ஜ் 540, 840 இரண்டில் முன்னது பொத்தான்களால் மட்டுமே இயங்குவது, பின்னதில் தொடுதிரையும் உண்டு. நான் தயங்காமல் முன்னதை எடுத்தேன்.

சைக்கிளில் மலையேறுபவர்கள், மேலே போகப்போகக் காற்றழுத்தம் குறைவதை வைத்து உயரத்தைக் கணக்கிடும் காற்றழுத்த உயரமானி இல்லாத கருவியை வாங்க வேண்டாம் என்றே சொல்வேன். செயற்கைக்கோள் சமிக்ஞையை மட்டும் நம்பினால் உயரக் கணக்கு தாறுமாறாகும், சரிவின் சதவீதமும் அதோடு சேர்ந்து கெடும். அழுத்தமானிக்கும் குறை உண்டு: கடல்மட்டத்தை ஒட்டிய பகுதிகளில் காற்றழுத்தத்தில் ஒரு ஹெக்டோபாஸ்கல் (அழுத்தத்தின் அலகு) மாற்றம் ஏறத்தாழ 8 மீட்டர் உயரத்துக்குச் சமம் என்பதால், மேகம் திரண்டு அழுத்தம் இறங்கினால், நின்ற இடத்திலேயே நாம் ஏறியதாக அது எண்ணிவிடும். ஆகவே புறப்படும் முன் அந்த இடத்தின் உயரத்தைச் சரிபார்த்துக்கொள்வது நல்லது.

பேட்டரி விஷயத்தில் அவரவர் ஓட்டும் தூரமே அளவுகோல். குறித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூர சைக்கிள் பயணமான பிரெவேயில் 200 கிலோமீட்டருக்கு 13 மணி 30 நிமிடம் அவகாசம் என்பதால், 15 மணி நேரமாவது தாங்காத கருவி நெடுந்தூரம் ஓட்டுபவருக்கு உதவாது. பதிவை, பல செயலிகளும் படிக்கக்கூடிய ஃபிட் (FIT) கோப்பாக வெளியே எடுக்க முடிகிறதா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். நாளை கருவியையோ செயலியையோ மாற்றினாலும் பழைய பயணங்கள் கைவிட்டுப் போகாது.

சக்கரச் சுற்றுகளை எண்ணித் தூரம் காட்டும் சக்கர உணரி வைத்திருப்பவர்கள் சக்கரத்தின் சுற்றளவைக் கருவியில் சரியாகப் பதிய வேண்டும். சாலை சைக்கிள்களின் வழக்கமான 700சி அளவுச் சக்கரத்தில் 28 மி.மீ. அகல டயரின் சுற்றளவு சுமார் 2136 மி.மீ., 25 மி.மீ. டயருக்குச் சுமார் 2105. மாற்றிப் பதிந்தால் 200 கிலோமீட்டரில் 3 கிலோமீட்டர் பிசகும். நான் காற்று நிரப்பி, வால்வு கீழே வரும் இடத்தில் தரையில் சாக்பீஸ் கோடு போட்டு, சைக்கிளின்மேல் அமர்ந்தபடியே சக்கரத்தை ஒரு முழுச் சுற்று உருட்டி, மீண்டும் வால்வு கீழே வந்த இடம்வரை டேப்பால் அளந்தேன். 2128 வந்தது, அதையே பதிந்தேன்.