நீல் தீவில் நாலு ராத்திரி: படகு ஏறுவது இரண்டே தடவை

அந்தமான் பேக்கேஜ் எதை எடுத்துப் பார்த்தாலும் பெரும்பாலும் ஒரே அச்சுதான். போர்ட் பிளேரில் இரண்டு ராத்திரி, ஹேவ்லாக்கில் இரண்டு, நீல் தீவில் ஒன்று, திரும்ப போர்ட் பிளேர். ஆறு நாளில் மூன்று கடல் பயணம், நாலைந்து தடவை பெட்டி கட்டல். ஊர் பார்க்கப் போகிறவர்களுக்கு இது சரி. சும்மா கிடந்துவிட்டு வரலாம் என்று கிளம்புகிறவர்களுக்கு இதைவிட மோசமான திட்டம் கிடையாது.

ஒரு கடல் பயணம் ஒன்று, ஒன்றரை மணி நேரம்தானே என்று தோன்றும். அது அரை நாளை விழுங்கும். காலை எட்டு மணிக்கே அறையைக் காலி செய்யச் சொல்வார்கள். ஜெட்டிக்கு ஒரு மணி நேரம் முன்னதாகப் போய், பெட்டிகளைச் சோதனைக்குக் கொடுத்துவிட்டு வெயிலில் நிற்க வேண்டும். படகு தாமதமாகலாம். அந்தப் பக்கம் இறங்கினால் அறை தயாராக இருக்காது. அதனால் ஓய்வுக்கான திட்டத்துக்கு ஒரே விதி: போக ஒரு படகு, வர ஒரு படகு. ஹேவ்லாக்கை இன்னொரு பயணத்துக்கு விட்டுவிடுங்கள்.

மொத்தம் ஆறு ராத்திரி. முதல் ராத்திரி போர்ட் பிளேர், நடுவில் நாலு ராத்திரி நீல், கடைசி ராத்திரி மறுபடி போர்ட் பிளேர். சென்னையிலிருந்து விமானம் இரண்டே கால் மணி நேரம்தான், காலையில் இறங்கி மதியமே படகு பிடிக்கலாமே என்று கணக்குப் போடுவார்கள். விமானம் தாமதமானால் படகு உங்களுக்காக நிற்காது. டிக்கெட் எடுக்கும்போது பெயர்க் குழப்பமும் வரும். 2018 டிசம்பரில் நீல் தீவை ஷஹீத் த்வீப் என்றும் ஹேவ்லாக்கை ஸ்வராஜ் த்வீப் என்றும் மாற்றினார்கள். 2024இல் போர்ட் பிளேர் ஸ்ரீ விஜயபுரம் ஆனது. படகு டிக்கெட்டில் எந்தப் பெயரும் இருக்கலாம். இரண்டும் ஒன்றுதான், பயப்பட வேண்டாம்.

போர்ட் பிளேரிலிருந்து நீல் சுமார் 37 கிலோமீட்டர். அரசுக் கப்பல் இரண்டு மணி நேரம் போல எடுக்கும். கட்டணம் மிகக் குறைவு, மேல்தளத்தில் நின்று காற்று வாங்கலாம். ஆனால் தீவுவாசிகளுக்குத்தான் முன்னுரிமை. அது நியாயமும்கூட, அவர்களுக்கு அதுதான் டவுன் பஸ். மக்ருஸ், நாட்டிகா மாதிரியான தனியார் படகுகள் வேகமானவை. ஏசி போட்ட மூடிய அறை, நினைத்தபோது வெளியே வர முடியாது. கடல் கொஞ்சம் புரண்டாலும் வயிறு குமட்டும். சீட்டைத் தேர்வு செய்ய வழியிருந்தால் முன்வரிசையை விட்டுவிட்டு நடுவிலோ பின்பக்கமோ எடுங்கள். அலையில் ஏறி இறங்குவது மூக்குப் பக்கம்தான் அதிகம். முன்வரிசைக்குக் கூடுதல் பணம் கொடுத்து வாந்தி எடுப்பவர்கள் உண்டு. அவோமின் மாத்திரை போடுவதானால் ஏறுவதற்கு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் முன்பே போட வேண்டும், குமட்டல் தொடங்கிய பிறகு போட்டால் பெரிதாகப் பயனிருக்காது. தூக்கம் வரும். குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் மருத்துவரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள். அசல் அடையாள அட்டை கையில் இருக்கட்டும். டிக்கெட்டில் உள்ள பெயர் அதோடு பொருந்த வேண்டும்.

தீவில் இறங்கிய பிறகு உங்கள் கடிகாரம் கடல்தான். ஓதம், அதாவது கடல் மட்டம், ஏறுவதையும் வற்றுவதையும் பார்க்காமல் திட்டம் போட்டுவிட்டு, ‘பரத்பூர் பீச் ஒன்றுமில்லை, வெறும் கல்’ என்று எழுதுகிறவர்கள் ஏராளம். அவர்கள் போனது வற்றிய நேரத்தில். அப்போது பரத்பூரில் வெகுதூரம் நடந்தாலும் தண்ணீர் கெண்டைக்காலைத் தாண்டாது. காலடியில் செத்த பவளத் துண்டுகள், இடையிடையே முள்ளெலி போல உருண்டு கிடக்கும் கடல் முள்ளிகள். அதே இடத்தில் ஓதம் ஏறியதும் இடுப்பளவு, மார்பளவு பச்சைத் தண்ணீர், நீச்சலுக்கு அதைவிட அமைதியான இடம் தீவில் இல்லை.

லக்ஷ்மண்பூர் இரண்டாம் கடற்கரையில் இருக்கும் இயற்கைப் பாலத்துக்கு, அதாவது தானாக அமைந்த பாறை வளைவுக்கு, நேர் எதிர்க் கணக்கு. தண்ணீர் முழுதும் வற்றினால்தான் பாறைகள் மேல் நடந்து அதன் அடிவரை போக முடியும். முழு வற்றத்துக்கு ஒரு மணி நேரம் முன்னால் கிளம்பினால் நிதானமாகப் பார்க்கலாம். வழியில் பாறைக் குழிகளில் தேங்கிய தண்ணீரில் குட்டி மீன்கள், கடல் அட்டை, நட்சத்திர மீன் எல்லாம் இருக்கும். ஓதம் திரும்பியதும் நீங்களும் திரும்பிவிட வேண்டும். வழுக்கும் பாசி, அதனால் ரப்பர் செருப்பு உதவாது, குதிகாலில் பட்டை வைத்த சாண்டல் வேண்டும்.

நேரத்தைக் கணிப்பது எளிது. ஒரு நாளில் இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம். ஒவ்வொரு நாளும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். இன்று காலை 7 மணிக்கு வற்றினால் நாளை 7.50, மறுநாள் 8.40. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் வித்தியாசம் அதிகம். பாலத்துக்கு அந்த நாட்கள்தான் சரி. ஓத நேர அட்டவணையில் நீல் இல்லையென்றால் போர்ட் பிளேரைப் பாருங்கள், போதும்.

சூரியனும் ஏமாற்றும். இந்திய நேரம் 82.5 பாகைத் தீர்க்கரேகையை வைத்து. போர்ட் பிளேர் 92.7 பாகையில் இருக்கிறது. சென்னையை விடச் சுமார் 50 நிமிடம் முன்னதாகவே பொழுது விடிந்து, பொழுது சாய்கிறது. டிசம்பரில் மாலை ஐந்து மணிக்கெல்லாம் சூரியன் போய்விடும். நாலரைக்கு டீ குடித்துவிட்டுக் கிளம்பினால் லக்ஷ்மண்பூரில் இருட்டைத்தான் பார்ப்பீர்கள். கிழக்கே சீதாபூரில் சூரிய உதயம் பார்க்க நாலே முக்காலுக்குக் கட்டிலை விட்டு இறங்க வேண்டும். சும்மா கிடக்க வந்தவர் இதை விட்டுவிட்டால் ஒன்றும் குடிமுழுகாது.

மணல் ஈயைப் பற்றி யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. கண்ணுக்குத் தெரியாத அளவு, விடியலிலும் அந்தியிலும் ஈரமணல் ஓரம் கடிக்கும். கடித்தபோது தெரியாது. மறுநாள்தான் கணுக்காலைச் சுற்றிச் சிவப்புத் தடிப்புகள், ஒரு வாரம் அரிப்பு. சொறிந்தால் புண்ணாகும், உப்புத் தண்ணீரில் சீழ் பிடிக்கும். முழங்காலுக்குக் கீழே தேங்காய் எண்ணெயைத் தடித்த படலமாகப் பூசிக்கொண்டால் ஓரளவு தடுக்கும். மணலில் துண்டு விரித்துப் படுப்பதைவிடத் தூளியோ நாற்காலியோ மேல். கடித்த பிறகு காலமைன் லோஷன்.

அறை எடுக்கும்போது ‘ஜெனரேட்டர் இருக்கிறதா’ என்று கேட்டால் எல்லாரும் இருக்கிறது என்பார்கள். ‘ஜெனரேட்டரில் ஏசி ஓடுமா, ஃபேன் மட்டும்தானா’ என்று கேளுங்கள். பதில் வேறாக இருக்கும். ஓரத்திலிருந்து ஓரம் ஐந்தாறு கிலோமீட்டர் உள்ள தீவு, வாடகை சைக்கிளே போதும். நீலில் குடியேறியவர்கள் பெரும்பாலும் கிழக்கு வங்காளத்து அகதிகள். அதனால் சந்தைக் கடைகளில் சோறும் மீன்குழம்பும் கடுகெண்ணெய் வாசனையோடு வரும். காய்கறி தீவிலேயே விளைகிறது, சைவக்காரர்கள் பட்டினி கிடக்க வேண்டாம். ஏடிஎம்மையும் இணையத்தையும் நம்பாமல் பணத்தைக் கையிலேயே கொண்டுபோங்கள். ஆரம்ப சுகாதார நிலையம் உண்டு, அதற்கு மேல் என்றால் போர்ட் பிளேர் ஜி.பி. பந்த் மருத்துவமனைதான். அன்றாட மருந்துகளை இரண்டு நாள் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள்.

கூடுதலாக என்பதற்குக் காரணம் இருக்கிறது. 2016 டிசம்பரில் சென்னையின் மரங்களைச் சாய்த்த வர்தா புயல், அதற்குச் சில நாள் முன்பு அந்தமான் பக்கம்தான் உருவாகிக்கொண்டிருந்தது. படகுகள் நின்று, ஹேவ்லாக்கிலும் நீலிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பயணிகள் சிக்கி, கடற்படைக் கப்பல்கள் போய் அழைத்து வந்தன. அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை இந்த அபாயம் உண்டு. மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குக் காற்று கடலைக் கலக்கிக்கொண்டிருக்கும். ஜனவரி பாதியிலிருந்து ஏப்ரல் வரைதான் என் தேர்வு. ஏப்ரலில் புழுக்கம் அதிகம், ஆனால் கடல் கண்ணாடி மாதிரி கிடக்கும்.

கடைசி ராத்திரியை போர்ட் பிளேரில் வைத்ததும் இதற்காகத்தான், ஒரு படகு ரத்தானாலும் விமானம் தப்பும். ஸ்கூபா டைவ் செய்தவர்களுக்கும் அது தேவை. ஒரு டைவ் என்றால் குறைந்தது 12 மணி நேரம், பல டைவ் என்றால் 18 மணி நேரம் கழித்துத்தான் விமானம் ஏறலாம். ரத்தத்தில் கரைந்த நைட்ரஜன் வெளியேற அவ்வளவு நேரம் வேண்டும்.

கிளம்பும் முன் குழந்தைகளின் பைகளை ஒரு முறை கவிழ்த்துப் பாருங்கள். கரையில் பொறுக்கிய செத்த பவளத் துண்டும்கூட வன உயிரினச் சட்டத்தின் கீழ் வரும், விமான நிலைய ஸ்கேனரில் மாட்டும். கடையில் வாங்கிய சங்குக்கு ரசீது பத்திரம்.