ஸ்டோர் ரூம் தையல் ரூம் ஆன கணக்கு

வீட்டில் தையலுக்கு என்று ஒரு அறை ஒதுக்க நினைக்கிறவர்கள் முதலில் மிஷின் விலையைத்தான் விசாரிக்கிறார்கள். என்னைக் கேட்டால் மிஷின் கடைசி. கையில் கொஞ்சம் காசு இருந்தால் வெட்டுகிற மேசைக்குப் போடுங்கள், மிச்சம் இருந்தால் வெளிச்சத்துக்கு. ஒரு லைனிங் ஜாக்கெட்டுக்கு நான் மிஷினில் உட்காரும் நேரம் பாதிகூட இருக்காது. அளவு போடுவது, வெட்டுவது, தேய்ப்பது, கொக்கி வைப்பது, ஹெம்மிங் என்று மிச்ச நேரமெல்லாம் வெளியேதான் போகிறது.

ஹாலில் தைத்த காலத்தில் இது இன்னும் மோசம். பாயை விரித்து, தரையில் குனிந்து வெட்டி, பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வருவதற்குள் எல்லாவற்றையும் சுருட்டிப் பைக்குள் திணிக்க வேண்டும். மறுநாள் எடுத்தால் வலது கை துண்டு இருக்கும், இடது கை துண்டு வேறொருவர் துணியோடு போயிருக்கும். பாதி வேலையை அப்படியே விட்டுவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போக ஒரு இடம் வேண்டும். நான் கேட்டது அவ்வளவுதான்.

எங்களுடையது மதுரையில் பழைய காலத்து வீடு. சமையலறையை ஒட்டி 10க்கு 9 அடியில் ஒரு ஸ்டோர் ரூம். அரிசி மூட்டை, ஓடாத கிரைண்டர், சீர்வரிசையில் வந்து ஒருநாளும் அடுப்பேறாத அண்டா எல்லாம் அங்கேதான் கிடந்தன. காலி பண்ணப் போகிறேன் என்றதும் அத்தை கேட்டது, "அரிசிய எங்கம்மா வைக்க?" நியாயமான கேள்வி. அரிசி டிரம்மில் ஏறி சமையலறை மூலைக்குப் போனது. அண்டா பரணுக்குப் போனது. கிரைண்டரைப் பழைய இரும்புக்குப் போட்டு, அந்தக் காசில் வெள்ளை டிஸ்டெம்பர் வாங்கி, நானும் வீட்டுக்காரரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை அடித்து முடித்தோம்.

இனி மேசை. பிளைவுட்டில் புதிதாகச் செய்ய ஆசாரி சொன்ன விலையைக் கேட்டு வாயடைத்துப் போனேன். இடிக்கிற வீடுகளிலிருந்து கதவு, ஜன்னல் எடுத்து விற்கும் கடைக்குப் போனால் பிளஷ் டோர் அடுக்கி வைத்திருப்பார்கள். ஆறரை அடி நீளம், இரண்டரை அடி அகலத்தில் ஒரு கதவு 900 ரூபாய்க்குக் கிடைத்தது. கதவு என்பதால் சீக்கிரம் வளையாது. 44 இஞ்ச் பன்னா, அதாவது அகலம் உள்ள துணியை மடித்தால் 22 இஞ்ச். அதை விரித்தபின்னும் கத்தரி, டேப், சாக்பீஸ் வைக்க ஒரு சாண் இடம் மிஞ்சுகிறது. பூட்டு இருந்த ஓட்டையை அடைக்கலாமா என்று கேட்டார்கள். வேண்டாம் என்றேன். இப்போது அயர்ன் பாக்ஸ் ஒயர் அதன் வழியாகத்தான் கீழே இறங்கிப் பிளக்குக்குப் போகிறது. வெட்டும்போது குறுக்கே வருவதில்லை.

கால்களுக்கு இரும்பு ரேக் செய்யும் ஓட்டை ஆங்கிள். வரிசையாக ஓட்டை இருப்பதால் போல்ட்டைக் கழற்றி உயரத்தை ஏற்றலாம், இறக்கலாம். மூலைக்கு மூலை முக்கோணத் தகடு வைத்து முடுக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் கத்தரி ஓடும்போதெல்லாம் மேசை ஆடும். உயரம்தான் முக்கியம். சாப்பாட்டு மேசை சுமார் 30 இஞ்ச் இருக்கும், அதில் நின்றுகொண்டு வெட்டினால் இடுப்பு போய்விடும். நிமிர்ந்து நின்று கையை மடக்கி, முழங்கைக்கு மூன்று, நான்கு இஞ்ச் கீழே மேசை வருகிற மாதிரி வையுங்கள். ஐந்தடி இரண்டு அங்குலம் இருக்கிற எனக்கு அது 35 இஞ்ச். என் தங்கச்சி என்னைவிட உயரம், அவள் வந்து வெட்டினால் குறை சொல்லுவாள். மேசை அவளுக்கா, எனக்கா?

மேலே சன்மைக்கா ஒட்டச் சொல்லி எல்லோரும் யோசனை சொன்னார்கள். பட்டும் சாட்டினும் சன்மைக்காவில் நிற்காது, வழுக்கிக்கொண்டே போகும். வெறும் மரத்தை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து விட்டால் துணி ஒழுங்காகப் படியும். ஒரு ஓரத்தில் மட்டும் இரண்டடிக்குப் பழைய கம்பளியை மடித்துப் போட்டு, மேலே காடாத் துணியை இழுத்து அடியில் ஆணி அடித்துவிட்டேன். அது தேய்க்கிற இடம். கம்பளி அசல் கம்பளியாக இருக்க வேண்டும், நைலான் கலந்த போர்வை சூட்டில் உருகி ஒட்டும். மேசை விளிம்பில் மார்க்கர் பேனாவால் 0 முதல் 60 வரை இஞ்ச் கோடு போட்டு வைத்திருக்கிறேன். கட்பீஸ் வந்தால் டேப்பைத் தேடாமல் அப்படியே அளந்துவிடலாம்.

மேசையின் குட்டை ஓரம் சுவரில் ஒட்டியிருக்கிறது. மற்ற மூன்று பக்கமும் சுற்றி வரலாம். இடம் மிச்சம் என்று நீளப் பக்கத்தைச் சுவரோடு சேர்த்தால், எட்டாத பக்கத்தை வெட்டத் துணியைத் திருப்ப வேண்டிவரும், மடிப்பு நகர்ந்துவிடும்.

ஸ்டோர் ரூமில் ஏற்கெனவே கடப்பா கல் அலமாரி இருந்தது, அதில் எனக்கு லாபம். ஆனால் கல்லின் விளிம்பு பட்டுத் துணியில் நூலைப் பிடித்து இழுக்கும். பழைய பெட்ஷீட்டைக் கிழித்து ஒவ்வொரு தட்டுக்கும் விரிப்பு தைத்துப் போட்டேன். ஒரு தட்டு வந்த துணிக்கு, ஒரு தட்டு வெட்டியதற்கு, ஒன்று முடிந்ததற்கு. அளவு ஜாக்கெட்டை அந்தந்தத் துணியோடு சேர்த்தே கட்டி வைக்கிறேன்.

மேலே சுழலும் ஃபேன்தான் எங்கள் ஊர் வெயிலுக்கு ஒரே துணை, நியூஸ்பேப்பரில் வெட்டிய அளவுத் தாளுக்கோ அது எதிரி. மாமா மளிகைக் கடை வைத்திருந்தபோது இருந்த எடைக்கற்கள் பரணில் கிடைத்தன, அரைக் கிலோவும் இருநூறு கிராமும். துருக்கறை படாமலிருக்க ஒவ்வொன்றுக்கும் துணியில் உறை தைத்துவிட்டேன். இப்போது தாள் மேல் நாலு கல்லை வைத்துவிட்டுக் குண்டூசி இல்லாமலே வரைகிறேன். கீழே விழும் குண்டூசிக்குப் பழைய ஸ்பீக்கரில் கழற்றிய காந்தம். குச்சியில் கட்டித் தரையில் ஒரு இழுப்பு இழுத்தால் எல்லாம் வந்துவிடும். குழந்தைகள் நடமாடும் வீட்டில் இதைச் செய்யாமல் இருக்காதீர்கள்.

வெளிச்சத்துக்கு இரண்டு எல்.இ.டி. டியூப். ஒன்று மேசைக்கு நேர் மேலே, நீளவாக்கில். முதுகுக்குப் பின்னால் விளக்கு இருந்தால் நம் நிழல்தான் துணி மேல் விழும். மஞ்சள் வெளிச்சம் வேண்டவே வேண்டாம், அரக்கு நூலும் காப்பிப்பொடி நூலும் ஒன்றாகத் தெரியும். மிஷினை வடக்குப் பார்த்த ஜன்னல் இடது கைப்பக்கம் வருகிற மாதிரி போட்டிருக்கிறேன். பகலில் ஊசிமுனை வரை நன்றாகத் தெரிகிறது, வெயிலும் நேராக அடிப்பதில்லை.

மிஷின் அம்மாவுடையது, காலால் மிதிக்கும் கறுப்பு உஷா. மண்ணெண்ணெய் தொட்டு அழுக்கெடுத்து, எண்ணெய் விட்டு, தோல் பெல்ட்டும் பாபின் கேஸும் மாற்றியதோடு சரி. மோட்டார் மாட்டச் சொல்கிறார்கள். கழுத்து வளைவில் பைப்பிங் வைக்கும்போது ஒவ்வொரு தையலாக மிதிக்க எனக்குக் கால்தான் வசதி. நைட்டி, உள்பாவாடை என்று நிறையத் தைப்பவர்களுக்குப் பவர் மிஷின் சரி. வாங்கினால் சர்வோ மோட்டாராகப் பாருங்கள். பழைய கிளட்ச் மோட்டார் நாம் மிதிக்காதபோதும் சுழன்றுகொண்டே இருக்கும், சத்தமும் அதிகம், கரண்டும் வீண். மிஷினே இல்லாதவர்கள் மாவட்டச் சமூக நல அலுவலகத்தில் சத்தியவாணி முத்து அம்மையார் பெயரில் உள்ள இலவசத் தையல் இயந்திரத் திட்டத்தை விசாரியுங்கள். கணவரை இழந்தவர்கள், கைவிடப்பட்டவர்கள், வசதி குறைந்த வீட்டுப் பெண்கள் விண்ணப்பிக்கலாம். தையல் தெரியும் என்பதற்குச் சான்று கேட்பார்கள்.

ஊசி மட்டும் மலிவு பார்க்க வேண்டாம். ஜார்ஜெட்டுக்கு 9ஆம் நம்பர் ஊசி, மெல்லிய பட்டுக்கு 11, சாதாரணக் காட்டனுக்கு 14, கேன்வாஸ் மாதிரித் தடித்ததற்கு 16. நாலையும் வாங்கி வைத்தால் துணி சுருங்குகிறது என்று மிஷினைத் திட்ட வேண்டியிருக்காது.

இடம் போதாது என்று தயங்குகிறவர்களுக்கு ஒன்று. மீனாட்சி அம்மன் கோயில் எதிரே புது மண்டபத்தில் இரண்டு தூணுக்கு நடுவே ஒரு மிஷினும் ஒரு ஸ்டூலுமாக எத்தனை டெய்லர்கள் உட்கார்ந்திருந்தார்கள்! சித்திரைத் திருவிழாவுக்கு அழகர் வேஷம், கறுப்பசாமி வேஷம் போடுகிறவர்களின் உடையெல்லாம் அங்கே தைத்து வந்தவைதான். அந்தக் கடைகள் இப்போது குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிவிட்டன. மதுரைக்காரர்கள் ஒரு நடை போய்ப் பாருங்கள், கைக்கெட்டும் தூரத்தில் எல்லாவற்றையும் எப்படி வைத்திருக்கிறார்கள் என்று.

செலவு: கதவு 900, ஆங்கிளும் போல்ட்டும் 1,400, டியூப் இரண்டு 500, தனி பிளக் பாயின்ட்டோடு கரண்ட் வேலை 1,200, மிஷின் ரிப்பேர் 600, நூல்கண்டு மாட்ட ஆணி அடித்த பலகை 150. மொத்தம் 4,750 ரூபாய். டிஸ்டெம்பர் கிரைண்டர் கணக்கில் போய்விட்டது. ஆள் உயரக் கண்ணாடி என்பது உடைந்த பீரோவின் கதவு, அதற்குச் செலவில்லை.

ஓவர்லாக் மிஷின் இன்னும் வாங்கவில்லை. ஓரம் அடிக்கவும் காஜா (பட்டன் ஓட்டை) எடுக்கவும் தெருமுனைக் கடைக்கே கொடுக்கிறேன். அங்கே மாதம் கொடுக்கிற கூலி, ஓவர்லாக் மிஷினுக்கான ஒரு மாதத் தவணையைத் தாண்டுகிற அளவுக்கு வேலை வந்தால் வாங்கலாம். தீபாவளித் துணி வர ஆரம்பித்ததும் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். அதற்கு ஜன்னலுக்குக் கீழே இரண்டடி இடம் விட்டு வைத்திருக்கிறேன். இப்போதைக்கு அதில் அத்தையின் வடக வற்றல் டின் இருக்கிறது.