தராசுக்கு இருக்கும் மரியாதை

குத்துச்சண்டைப் போட்டிக்கு முந்தைய நாள், எடை பார்க்கும் அறைக்குள் ஒருமுறை வந்து நின்றால் போதும். ஓர் எண்ணுக்கு மனிதர்கள் எவ்வளவு மரியாதை கொடுப்பார்கள் என்பது தெரிந்துவிடும். வெல்டர் எடைப்பிரிவின் எல்லை 147 பவுண்டு, அதாவது 66.68 கிலோ. முள் அதைத் தாண்டினால் வீரர் இறங்குவார். கழுத்துச் சங்கிலியைக் கழற்றுவார். அதுவும் போதாவிட்டால் இரண்டு பேர் துண்டை விரித்துப் பிடிக்க, உள்ளாடையையும் களைந்துவிட்டு மறுபடி ஏறி நிற்பார். எதிர்த்தரப்புப் பயிற்சியாளர் கண் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருப்பார்.

அதே வீரர் ஐந்து நிமிடம் கழித்து என் மேசைக்கு வருவார். "உயரம்?" என்று கேட்பேன். "178 போட்டுக்கொள்ளுங்கள் சார்" என்று அவருக்குப் பின்னால் நிற்பவர் சொல்வார். நானும் எழுதிக்கொள்வேன். பல ஆண்டுகள் அப்படித்தான் எழுதினேன்.

என் வேலை மருத்துவப் பரிசோதனைக்கு உதவுவது. ரத்த அழுத்தம், நாடித்துடிப்பு, பழைய காயங்கள் எல்லாவற்றையும் குறிக்க வேண்டும். அதோடு, அறிவிப்பாளருக்கும் ஒளிபரப்புக் குழுவுக்கும் போகும் விவரத்தாளைத் தயாரிப்பதும் என் பொறுப்புதான். வயது, எடை, உயரம், ரீச், வெற்றி, தோல்வி ஆகியவை அதில் இருக்கும். ரீச் என்பது இரு கைகளையும் பக்கவாட்டில் விரித்தால் ஒரு விரல் நுனியிலிருந்து மறு விரல் நுனிவரை வரும் நீளம். திரையில் இரண்டு வீரர்களின் படங்களுக்கு நடுவே வரிசையாக வருமே, அந்த எண்களில் எடை மட்டும்தான் எல்லார் முன்னிலையிலும் அளக்கப்பட்டது. உயரம் பெரும்பாலும் யாரோ எப்போதோ சொன்னது.

காரணம் எளிது. எடை கூடினால் அபராதம் உண்டு, பட்டத்துக்கான வாய்ப்பு போகும், போட்டியே ரத்தாகலாம். உயரம் கூடினாலும் குறைந்தாலும் எந்த விதியும் மீறப்படுவதில்லை. விதி தொடாத இடத்தில் ஆசை புகுந்துகொள்கிறது. ஹெவிவெயிட் எனும் மிக அதிக எடைப்பிரிவின் வீரர் ஆறடிக்குச் சற்றுக் குறைவாக இருந்தால், போட்டியை நடத்தி டிக்கெட் விற்க வேண்டிய ப்ரமோட்டருக்கு அந்தக் குறை உறுத்துகிறது. மைக் டைசனின் உயரம் 5 அடி 10 அங்குலம் என்றும், 5 அடி 11½ அங்குலம் என்றும் இரண்டு விதமாக அச்சாகியிருக்கிறது. நடுவில் ஏறத்தாழ நான்கு சென்டிமீட்டர் வித்தியாசம். எனக்கு இதில் வருத்தம்தான். 1986இல், 20 வயதில், தன்னைவிட உயரமான அப்போதைய சாம்பியன் டிரெவர் பெர்பிக்கை இரண்டாவது சுற்றிலேயே வீழ்த்திப் பட்டம் வென்றவர் அவர். குனிந்து, தலையை அசைத்து, எதிராளியின் கைக்குள் நுழையும் அந்த ஆட்டம் முழுவதும் குள்ளமான ஹெவிவெயிட் ஒருவர் உயரமானவர்களுக்குக் கண்டுபிடித்த பதில். அவருக்கு ஓர் அங்குலத்தைக் கூட்டி எழுதுகிறவர்கள் அந்தச் சாதனையிலிருந்து ஓர் அங்குலத்தைக் கழிக்கிறார்கள்.

எல்லாமே பொய் என்றும் நான் சொல்லமாட்டேன். என் மேசையில் பார்த்தவரை, பெரும்பாலான எண்கள் உண்மைக்கு ஒன்று முதல் மூன்று சென்டிமீட்டர் அருகில்தான் இருந்தன. தவறும்போது மட்டும் ஏறக்குறைய எப்போதும் மேல்நோக்கித் தவறின. அதில் ஒரு பகுதி யாரும் திட்டமிடாமல் நடப்பது. வெறுங்காலில் 176 சென்டிமீட்டர் இருக்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். அங்குலத்தில் அது 5 அடி 9.3. பயிற்சியாளர் அதை ஒன்பதரை என்பார். அடுத்த ஊரில் ஒருவர் அரையை முழுதாக்கிப் பத்து என்று எழுதுவார். அதை இன்னொருவர் திரும்பச் சென்டிமீட்டராக மாற்றும்போது 178 வந்து நிற்கும். யாரும் பொய் சொல்லவில்லை, ஆள் இரண்டு சென்டிமீட்டர் வளர்ந்துவிட்டார். கணினி அட்டவணையில் ஒரு முறை 5 அடி 10 அங்குலத்தை 5.10 என்று தட்டச்சு செய்திருந்தார்கள். அது கடைசிப் பூஜ்யத்தைத் தின்றுவிட்டு 5.1 என்று காட்டியது. 178 சென்டிமீட்டர் வீரரை அந்தத் தாள் 155 ஆக்கிவிட்டது. அச்சுக்குப் போவதற்கு அரைமணி முன்பு நல்லவேளையாகக் கண்ணில் பட்டது.

மனித உடலும் ஒரே உயரத்தில் நிற்பதில்லை. எழுந்து நடமாடத் தொடங்கியதும் முதுகெலும்பின் வட்டுகள் உடலின் பாரத்தில் அமுங்குகின்றன. காலைக்கும் மாலைக்கும் ஒரு சென்டிமீட்டருக்கு மேலேயே குறையலாம். படுத்து உறங்கினால் திரும்பி வந்துவிடும். அதனால் ஒரு சென்டிமீட்டருக்காக யாருடனும் நான் சண்டை போடுவதில்லை. முகத்துக்கு முகம் நிற்கும் புகைப்படங்களை வைத்துச் சண்டை போடுகிறவர்களையும் எச்சரிப்பேன். ஒருவர் தடித்த அடிப்பாகமுள்ள காலணி போட்டிருப்பார், இன்னொருவர் ஒரு காலை முன்னால் வைத்துச் சாய்ந்திருப்பார், கேமரா ஒருவருக்குக் கிட்டே இருக்கும். 2009இல் 213 சென்டிமீட்டர் நிக்கோலாய் வலுயெவ் முன்னால் 191 சென்டிமீட்டர் டேவிட் ஹே நின்றபோது வேண்டுமானால் புகைப்படம் போதும். (எடையிலும் சுமார் 45 கிலோ குறைவாக இருந்த ஹேதான் அன்று வென்றார்.) இரண்டு மூன்று சென்டிமீட்டருக்குப் புகைப்படம் சாட்சியாகாது.

இந்த வித்தியாசத்தால் என்ன நட்டம் என்று கேட்பவர்களுக்கு ஒரு சம்பவத்தைச் சொல்வேன். நான் தயாரித்த தாளில் ஒரு வீரருக்கு 183 என்று இருந்தது. கேட்டு எழுதியதுதான். அதை நம்பி, அவருடன் மோத இருந்தவரின் பயிற்சியாளர் 183 சென்டிமீட்டர் உயர ஆள் ஒருவரைத் தேடிப் பிடித்து தன் வீரரோடு ஆறு வாரம் ஸ்பாரிங், அதாவது பயிற்சிச் சண்டை, செய்ய வைத்தார். போட்டியில் எதிரே நின்றவர் 179கூட இல்லை. முதல் இரண்டு சுற்றுகளிலும் வலது கைக் குத்துகள் ஒன்றன்பின் ஒன்றாக எதிராளியின் தலைமுடியை உரசிக்கொண்டு மேலே போயின. ஆறு வாரமாகக் கை கற்றுக்கொண்ட உயரத்தில் அங்கே தலை இல்லை. மூன்றாவது சுற்றில் திருத்திக்கொண்டார், ஆனால் புள்ளிக் கணக்கில் இழந்ததை மீட்க முடியவில்லை. போட்டி முடிந்ததும் அந்தப் பயிற்சியாளர் என்னிடம் வந்து, தாளைக் காட்டி, "இது யார் அளந்தது?" என்று மட்டும் கேட்டார். எனக்குப் பதில் இல்லை.

அடுத்த போட்டிக்கு நான் அளவுக் கம்பத்தோடு போனேன். முறையாக அளப்பது ஒன்றும் பெரிய வித்தையில்லை. காலணி, காலுறை இரண்டையும் கழற்ற வேண்டும். குதிகால், பின்புறம், மேல்முதுகு மூன்றும் கம்பத்தைத் தொட வேண்டும். முகவாய் மேலேறாமல், கண்குழியின் கீழ்விளிம்பும் காதுத் துளையின் மேல்விளிம்பும் ஒரே கோட்டில் இருக்க வேண்டும். மூச்சை ஆழமாக இழுக்கச் சொல்லி, பலகையை மயிர் அமுங்கும்வரை இறக்க வேண்டும். இரண்டு முறை அளப்பேன். அரை சென்டிமீட்டர் வேறுபட்டால் மூன்றாவது முறையும். ஒரு வீரருக்கு மூன்று நிமிடம் ஆகும். தாளில் 'சொன்னது', 'அளந்தது' என்று இரண்டு பத்திகள் போட்டேன். அளக்க முடியாதபோது இரண்டாவது பத்தியைக் காலியாகவே விட்டேன். முணுமுணுப்பு இருந்தது. கூடைப்பந்தில் அமெரிக்காவின் என்பிஏ லீக் 2019இல் எல்லா வீரர்களையும் காலணி இல்லாமல் அளந்தே தீர வேண்டும் என்று உத்தரவிட்டது, பலர் ஓர் அங்குலம் குறைந்தார்கள். அங்கே உத்தரவிட ஒரே அமைப்பு இருக்கிறது. குத்துச்சண்டையில் உலகப் பட்டம் வழங்குபவை மட்டுமே நான்கு பெரிய அமைப்புகள். எனவே அளப்பது மேசையில் உட்கார்ந்திருப்பவரின் மனச்சாட்சியைப் பொறுத்தது.

இளம் வீரர் ஒருவர் நினைவில் நிற்கிறார். சொன்னது 178. அளந்தது 174.6. குதிகால் லேசாக எழும்பியிருந்தது, தோளைத் தட்டி இறக்கச் சொன்னேன். எண்ணைக் கேட்டதும் முகம் வாடிவிட்டது.

"இரண்டு வருடமாக 178 என்றுதான் போட்டிருக்கிறார்கள் சார். அம்மாகூட எல்லாரிடமும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார்."

கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, "காலையில் வந்தால் கூடுமா?" என்று கேட்டார். ஒரு சென்டிமீட்டர் கூடலாம், வா என்றேன். போட்டி நாளன்று விடிந்தும் விடியாமலும் படுக்கையிலிருந்து நேரே எழுந்து வந்திருந்தார். 175.4. எண்ணுக்குப் பக்கத்தில் நேரத்தையும் குறித்தேன். அவர் தாளைத் தன் பக்கம் திருப்பி இரண்டு எண்களையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு 178ஐச் சுட்டிக்காட்டி, "இதை அடித்துவிடலாமா சார்?" என்றார். நான் பேனாவை நீட்டினேன். அவரே அடித்தார்.

அன்று இரவு அறிவிப்பாளர் 175 என்று வாசித்தார். திரையில் வந்த படத்தில் 178 என்று இருந்தது. மறுநாள் காலை, அளவுத்தாளின் நகலை இணைத்து ஒளிபரப்புக் குழுவுக்குக் கடிதம் எழுதினேன்.