மயில்கழுத்து நிறத்தில் கீகேப்: ஒரு சாய நாட்குறிப்பு

ஜூன் 3

மேசையில் இருப்பது கம்பளி ஃபெல்ட் விரிப்பு, மயில்கழுத்து நிறம். கீபோர்டில் இருப்பவை பிபிடி என்ற பிளாஸ்டிக்கில் செய்த வெள்ளை கீகேப்கள், அதாவது பொத்தான்களின் மேல்மூடிகள். கறுப்பு டை-சப் எழுத்து, சாயத்தைச் சூட்டில் உள்ளே பதித்தது. எழுத்து, எண், நிறுத்தக்குறிப் பொத்தான்கள் 47, ஸ்பேஸ்பார் 1. இவற்றை விரிப்பின் நிறத்துக்குக் கொண்டுவர வேண்டும். ஓரத்துப் பொத்தான்கள் வெள்ளையாகவே இருக்கட்டும்.

விரிப்பின் நிறம் என்று எதை எடுத்துக்கொள்வது என்பதை முதலில் தீர்மானிக்க வேண்டும். ஃபெல்ட்டைக் கண்ணருகே கொண்டுபோனால் கரும்பச்சை இழை, நீல இழை, நடுநடுவே சாம்பல் இழை என்று கலந்து கிடக்கும். உட்காரும் தொலைவில்தான் எல்லாம் கூடி மயில்கழுத்தாகத் தெரியும். அந்தக் கூட்டு நிறத்தைத்தான் பொருத்த வேண்டும். போனில் படமெடுத்து நிறக் குறியீட்டைப் பிடிப்பதில் பயனில்லை, வெளிச்சத்தைப் பொறுத்து கேமரா நிறத்தை மாற்றிவிடும். சாயமேறிய கேப்பை விரிப்பின் மேலேயே வைத்துப் பார்ப்பதுதான் நம்பகமான அளவு.

சாயம் ஏற்கெனவே உள்ள நிறத்தின் மேல்தான் ஏறும், அதை அழிக்காது. அதனால் வெளிர் நிறத்திலிருந்து அடர் நிறத்துக்குப் போகலாம், திரும்பி வர முடியாது. கேப் தூய வெள்ளையா, பால் வெள்ளையா என்பதும் முக்கியம். பால் வெள்ளையில் மஞ்சள் சாயல் இருப்பதால் அதன்மேல் ஏறும் நீலம் பச்சைப் பக்கம் சாயும். எழுத்து வெளிர் நிறமாக இருந்தால் அதுவும் சாயத்தில் மூழ்கி மங்கிப்போகும். கறுப்பு எழுத்துதான் பாதுகாப்பானது.

ஜூன் 4

பிளாஸ்டிக் எது என்று உறுதிசெய்யும் வேலை. பெட்டியில் பிபிடி என்று போட்டிருந்தாலும் ஸ்பேஸ்பார் மட்டும் ஏபிஎஸ் என்ற வேறு பிளாஸ்டிக்கில் வரும் செட்டுகள் உண்டு. நீளமான பிபிடி துண்டை வளையாமல் வார்ப்பது கடினம், காரணம் அதுதான்.

1 லிட்டர் தண்ணீரில் 200 கிராம் உப்பைக் கரைத்து கேப்பை உள்ளே விட வேண்டும். ஏபிஎஸ்ஸின் அடர்த்தி ஏறத்தாழ 1.05, அது மிதக்கும். பிபிடி ஏறத்தாழ 1.3, அது மூழ்கும். கேப்பின் குழிவில் காற்று நின்றால் பிபிடியும் மிதந்து ஏமாற்றும். வாயை மேல்நோக்கிப் பிடித்து, தண்ணீருக்குள்ளேயே உதறிக் காற்றை வெளியேற்றிய பிறகே முடிவு சொல்ல வேண்டும்.

ஏபிஎஸ் சிக்கினால் ஒதுக்கிவிடுங்கள். 100 டிகிரியை நெருங்கும்போது அது இளகத் தொடங்கும். 90 டிகிரியில் நெடுநேரம் கிடந்தாலே நீளமான கேப்பும், அடியில் சுவிட்சில் மாட்டும் காம்பும் கோணிப்போக வாய்ப்புண்டு. போதாக்குறைக்கு அது சாயத்தை இழுக்கும் வேகமும் வேறு.

ஜூன் 5

சாயம் டிஸ்பர்ஸ் வகையாக இருக்க வேண்டும், அதாவது பாலியஸ்டர் துணிக்கானது. பருத்திச் சாயம் பிபிடியில் ஒட்டாது, கழுவினால் போய்விடும். கடைகளில் எளிதாகக் கிடைப்பவை திரவமான ரிட் டைமோர், தூளான ஐடை பாலி. அளந்து கலக்க வேண்டிய இந்த வேலைக்குத் திரவமே வசதி. ஊசியில்லாத சிரிஞ்சில் அரை மில்லிலிட்டர் வரை துல்லியமாக எடுக்கலாம். தூளென்றால் வெந்நீரில் கரைத்து மெல்லிய துணியில் வடிகட்டிய பின்புதான் பானையில் ஊற்ற வேண்டும். தூளைக் கொட்டும்போது முகக்கவசம் கட்டாயம்.

டிஸ்பர்ஸ் சாயம் தண்ணீரில் சரியாகக் கரைவதில்லை, நுண்துகளாகப் பரவி நிற்கிறது. சூடு ஏறும்போது பிளாஸ்டிக்கின் மூலக்கூறுச் சங்கிலிகள் தளர்கின்றன, அந்த இடுக்கில் சாயம் புகுந்துகொள்கிறது. குளிர்ந்ததும் சங்கிலிகள் இறுகி சாயம் உள்ளே தங்கிவிடுகிறது. வழக்கமான பாலியஸ்டருக்கு ஆலைகளில் அழுத்தக் கலனில் 130 டிகிரி வரை போவார்கள். பிபிடிக்கு அவ்வளவு வேண்டாம், கொதிநிலைக்குக் கீழேயே நன்றாக ஏறும். ஐடை பாலியோடு வரும் அடர்வூட்டிப் பொட்டலத்தையும் பிபிடிக்குச் சேர்க்காமல் விடலாம். வாடையாவது குறையும்.

ஜூன் 6

இன்று சோதனைக் கலவை. இந்த கீபோர்டில் எண்பலகை கிடையாது, செட்டோடு வந்த எண்பலகை கேப்கள் சும்மா கிடந்தன. 1 முதல் 9 வரை எண்ணிட்ட அந்த ஒன்பதையும் சூடான சாயத்தில் ஒன்றாகப் போட்டு, 1-ஐ ஒரு நிமிடத்தில், 2-ஐ இரண்டாவது நிமிடத்தில் என்று 9 வரை எடுத்தால் கேப்பே தன் நேரத்தைச் சொல்லும். தனியாகக் குறிப்பெழுத வேண்டியதில்லை.

ஒன்பதும் சேர்ந்து 11 கிராம். 500 மி.லி. தண்ணீர், ரிட் டைமோரின் பீகாக் கிரீன் 6 மி.லி., சஃபையர் ப்ளூ 3 மி.லி., கிராஃபைட் 1 மி.லி. சூடு 88 டிகிரி.

வரிசையாக அடுக்கியபோது 1, 2, 3 மூன்றும் வெளிர் மயில்கழுத்தாக இல்லை, வெளிர் நீலமாக இருந்தன. 5-லிருந்துதான் பச்சை தலைகாட்டுகிறது. 8, 9 இரண்டிலும் சாயல் சரி, ஆனால் விரிப்பைவிட அடர்த்தி அதிகம்.

வீட்டில் சாயமேற்றுபவர்கள் தவறவிடும் இடம் இதுதான். கடைச் சாயம் ஒவ்வொன்றும் பல சாயங்களின் கலவை. சிறிய மூலக்கூறு உள்ளவை முந்தி நுழையும், பெரியவை பின்தங்கி வரும். அடர் கலவையில் போட்டு, நிறம் ஓரளவு ஏறியதும் எடுத்துவிட்டால் முந்தி வந்த சாயம் மட்டுமே கேப்பில் இருக்கும். வெளிர் நிறம் வேண்டுமென்றால் நேரத்தைக் குறைக்கக் கூடாது. சாயத்தைக் குறைத்து, எல்லாச் சாயமும் உள்ளே போய்ச் சேரும்வரை காத்திருக்க வேண்டும்.

ஒன்று கவனம்: கேப்களை ஒவ்வொன்றாக எடுக்க எடுக்க, மிச்சமுள்ள சாயம் மிச்சமுள்ள கேப்களுக்கே போகிறது. அதனால் 8, 9 உண்மையைவிடச் சற்று அடர்வாகவே காட்டும். இந்த வரிசை சாயலைப் படிக்கத்தான், அடர்த்தியை முடிவுசெய்ய அல்ல.

ஜூன் 7

இரண்டாம் கலவை, பாதி அளவு: 3, 1.5, 0.5 மி.லி. எண்பலகையின் கூட்டல், கழித்தல், எண்டர் முதலிய மிச்ச கேப்களோடு செட்டின் சில உபரி கேப்களும் சேர்ந்து அதே 11 கிராம். 60 டிகிரியில் உள்ளே, நிமிடத்துக்கு 2 டிகிரி வீதம் 88 வரை, அங்கே 25 நிமிடம். பின்பு அடுப்பை அணைத்து, பானையிலேயே 60-க்கு இறங்க விட்டது. ஆறும்போதும் சாயம் ஏறிக்கொண்டுதான் இருக்கும், அதனால் சோதனையையும் இறுதி வேலையையும் ஒரே மாதிரி ஆற்ற வேண்டும்.

ஈரத்தில் அடர்வாகத் தெரிந்த நிறம் உலர்ந்ததும் ஒரு படி இறங்கியது. ஈர கேப்பை வைத்து ஒருபோதும் தீர்ப்புச் சொல்லாதீர்கள். சன்னல் வெளிச்சத்தில் விரிப்போடு அச்சாகப் பொருந்துகிறது. மேசை விளக்கின் மஞ்சள் வெளிச்சத்தில் கேப் மட்டும் இம்மியளவு பச்சையாகிறது. கம்பளியின் சாயமும் இதுவும் வேறு வேறு என்பதால் எல்லா வெளிச்சத்திலும் இரண்டும் சேர்ந்து போகாது. எந்த வெளிச்சத்தில் அதிகம் வேலையோ அதற்குப் பொருத்துவதே முறை. இங்கே பகல்தான், கலவையை மாற்றவில்லை.

ஜூன் 8

இறுதி வேலை. 48 கேப்களும் சேர்ந்து 66 கிராம், சோதனையைப்போல் சரியாக 6 மடங்கு. சாயத்தை எப்போதும் கேப்பின் எடைக்கே கணக்கிட வேண்டும், தண்ணீரின் அளவும் அதே விகிதத்தில் போக வேண்டும். 3 லிட்டர் தண்ணீர், பீகாக் கிரீன் 18, சஃபையர் ப்ளூ 9, கிராஃபைட் 3 மி.லி. பாத்திரம் கழுவும் திரவம் 5 மி.லி., சாயம் சீராகப் பரவ. வெள்ளை வினிகர் 15 மி.லி., டிஸ்பர்ஸ் சாயம் இலேசான அமிலத்தில்தான் நிலையாக இருக்கும். சோதனையில் இவ்விரண்டும் ஆறில் ஒரு பங்கு சேர்த்ததுதான்.

முன்வேலையில் அவசரம் கூடாது. கேப்களைச் சோப்புநீரில் அரை மணி நேரம் ஊறவைத்து, பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து, அலசி, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் துடைக்க வேண்டும். அதன்பின் கையுறை இல்லாமல் தொடவே கூடாது. வார்ப்பு எண்ணெயோ விரல் எண்ணெயோ மிஞ்சிய இடத்தில் சாயம் பிடிக்காது, விரல்ரேகை அப்படியே வெளிர் தடமாக விழும்.

பானை எவர்சில்வர், அகலமானது, ஸ்பேஸ்பார் எதிலும் சாயாமல் முழுநீளத்துக்குக் கிடக்கும் அளவு. அலுமினியம் வேண்டாம். இந்தப் பானையில் இனி சமைக்கவும் கூடாது. கேப்களைப் பானையின் அடியில் விடாமல் உள்ளே தொங்கும் கம்பி வலைக் கூடையில் போட்டது நல்லதாயிற்று. அடித்தகட்டின் சூடு தெர்மாமீட்டர் காட்டுவதைவிட அதிகம், அதைத் தொட்டுக்கொண்டிருக்கும் மூலை மழுங்கிப் பளபளத்துவிடும். சன்னல்கள் திறந்தே இருக்கட்டும்.

60 டிகிரியில் உள்ளே விட்டதும் முதல் 15 நிமிடம் கை ஓயாமல் கிளற வேண்டும். சாயம் வேகமாக ஏறுவது அப்போதுதான். ஒரு கேப் இன்னொன்றுக்குள் கிண்ணம்போல் செருகிக்கொண்டால் உள்ளே மாட்டியதன் பக்கச்சுவரில் வெளிர் பிறை விழும். கண்ணில் பட்டவுடன் கரண்டியால் பிரித்துவிடுங்கள். கொதிக்க விடாதீர்கள், குமிழி கேப்பைத் தூக்கி மேலே மிதக்கவைக்கும்.

ஸ்பேஸ்பாரைப் பிறகு தனியாகப் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒதுக்கவும் கூடாது. முதல் சுற்றில் சாயத்தின் பெரும்பகுதி கேப்பில் ஏறியிருக்கும், மிஞ்சிய கலவையில் விகிதமே மாறியிருக்கும். இரண்டாம் சுற்றில் அதே நிறம் வராது.

ஜூன் 9

60 டிகிரிக்கு ஆறிய பின் வெதுவெதுப்பான சோப்புநீரில் அலசல், தண்ணீர் தெளியும்வரை. பச்சைத்தண்ணீரில் நேராகப் போட்டால் நீளமான கேப் வளையும்.

ஸ்பேஸ்பாரைக் கண்ணாடித் தகட்டில் கவிழ்த்து வைத்து, ஓரத்தின் அடியில் காகிதம் நுழைகிறதா என்று பார்த்தேன். நடுவில் ஒற்றைத் தாள் நுழைகிறது, இரண்டு தாள் நுழையவில்லை. அந்த அளவை ஸ்டெபிலைசர், அதாவது ஸ்பேஸ்பாரைச் சாயாமல் அழுந்தவைக்கும் கம்பி, தாங்கும். அதற்கு மேல் வளைந்தால் 85 டிகிரி வெறும் வெந்நீரில் 2 நிமிடம் வைத்து, இரண்டு தட்டையான பலகைகளுக்கு நடுவில், வளைவுக்கு எதிர்ப்புறம் மடித்த காகிதத்தை முட்டுக் கொடுத்து இறுக்கி, முழுதாக ஆறும்வரை அசைக்காமல் விட வேண்டும்.

ஜூன் 10

உலர்ந்த கேப்கள் விரிப்பின் மேல். 47-இல் 46 ஒரே நிறம். நிறுத்தக்குறி கேப் ஒன்றில் மட்டும் விளிம்போரம் கடுகளவு கரும்புள்ளி, கரையாத சாயத்துகள் ஒட்டியது. ஆல்கஹாலில் போகவில்லை. உபரி கேப்பில் அதே வரிசை உயரத்தில் ஒன்று இருந்தால் மாற்றலாம், எழுத்து வேறாக இருக்கும், அவ்வளவுதான்.

நிறம் நீலப்பக்கம் விலகியிருந்தால் திருத்த வழி உண்டு. இதே எடைக்கு 3 லிட்டரில் டாஃபடில் யெல்லோ 1.5 மி.லி., மேலே சொன்ன அதே சூட்டு ஏற்றத்தில். முதலில் சோதனை கேப்பில் பார்த்துவிட்டுச் செய்யுங்கள். அடர்த்தி கூடிவிட்டால்தான் சிக்கல். பிளீச் பிபிடிக்குள் போன சாயத்தை ஒழுங்காக எடுக்காது, திட்டுத்திட்டாக்கும். அப்போது இன்னும் அடர்ந்த நிறத்துக்குப் போவதே மிச்சமுள்ள வழி.

மாட்டும் முன் இரண்டு பார்வை. வெள்ளைத் துணியில் ஆல்கஹால் தொட்டுக் கேப்பை அழுத்தித் தேய்க்க வேண்டும். துணியில் நிறம் வந்தால் மேலோட்டமாக ஒட்டிய சாயம் மிச்சமிருக்கிறது, இன்னொரு சோப்பு அலசல் தேவை. அடுத்து காம்பின் துளை: அதில் நிற்கும் ஈரம் எளிதில் உலராது. துளை கீழ்நோக்கி இருக்கும்படி துணியில் வைத்து ஒரு நாள் விட்டு, பிறகே சுவிட்சில் பொருத்துங்கள்.